கத்தினால் யார் வருவார்கள்

அந்தக் குடியிருப்புக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் காவலாளி மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்புவார். தண்ணீர் காலையிலேயே நின்றுவிடும், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குப்பையை வாசலில் வைக்காதீர்கள், பூனை இழுத்துப் போட்டுவிடும். சாயங்காலம் மேல்மாடியில் ஒருத்தர் கத்துவார், பயப்படாதீர்கள். மூன்றையும் அவர் ஒரே தொனியில்தான் சொல்வார். வந்தவர்கள் மூன்றாவதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, முன்பணம் கொடுத்துவிட்டோமே என்ற யோசனையோடு சாமான்களை ஏற்றுவார்கள்.

கத்துகிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி அவர் பெரியவர்களுக்கு அலறல் அண்ணன், சின்னவர்களுக்கு அலறல் மாமா. அவர் கோபித்துக்கொண்டதில்லை. வக்கீலை வக்கீல் சார் என்று கூப்பிடுவதில்லையா, அதுபோலத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கிற ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு வேலை. கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவர் வேறு, வில்லனுக்குக் கொடுப்பவர் வேறு. இவருக்கு வசனமே கிடையாது. சாகிறவர்கள், சாகப் போகிறவர்கள், செத்தும் போகாமல் மாடிப்படியில் நிற்கிறவர்கள், இவர்கள்தான் அவருடைய ஆட்கள். சண்டைச் சத்தமும் கதவுச் சத்தமும் இசையும் தனித் தடத்தில் வந்துவிடும். ஆனால் ஒருவன் அலறும்போது பக்கத்தில் இன்னொருவன் பேசித் தொலைத்தால், பேச்சை அழிக்கும்போது அலறலும் சேர்ந்து அழிந்துபோகும். அந்த இடத்தில் யாராவது மறுபடி அலறியாக வேண்டும். அப்படி அழிந்துபோன அலறல்களை நிரப்பித்தான் அவர் ஒரு மகளைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணி, வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே மின்சாரம் தாக்கித்தான். அப்போது அவர் ஏசி மெக்கானிக். கூடத்தின் ஏசியைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தொடக்கூடாத ஒன்றைத் தொட்டுவிட்டார். மைக் திறந்திருந்தது. அன்று அவர் போட்ட சத்தம் ஒரு கடற்கொள்ளைத் தொடரில் மாலுமி ஒருவன் தண்ணீரில் விழுவதற்குக் கனகச்சிதமாகப் பொருந்தியது. அதைக் கேட்ட முதலாளி, இவரை விட்டுவிடாதீர்கள் என்றார். ஏசியை வேறு ஆள் வந்து சரிசெய்தார்.

குடிவந்த முதல் வாரமே அவர் வீட்டில் ஒத்திகை பார்த்ததில் கட்டடமே திரண்டு வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், ஆஜானுபாகுவான ஆள். அவர் தோளால் முட்டியதில் கதவு திறந்துகொண்டது. உள்ளே அலறல் அண்ணன் கண்ணாடி முன்னால் கழுத்தில் துண்டோடு, கையில் வெந்நீர்க் குவளையோடு நின்று, என்ன வேண்டும் என்பதுபோல் பார்த்தார். அன்று வளைந்த தாழ்ப்பாள் நிமிரவே இல்லை. பிறகு குடியிருப்போர் கூட்டம் போட்டுப் பேசி, வேன் வந்து நின்ற பிறகு, விளக்கு வைக்கும் முன்பு கத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். வருஷங்கள் ஓட ஓட அது எல்லாருக்கும் வசதியாகிவிட்டது. வேன் டிரைவரின் மனைவி சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, மேலே கடைசி அலறல் கேட்டதும் அடுப்பை அணைப்பார். சோறு ஒருநாளும் குழைந்ததில்லை.

இவ்வளவு கத்துகிறவரின் சாதாரணக் குரல் எப்படி இருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் பலருக்குத் தெரியாது. தொண்டையை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் தலையாட்டுவார், கை காட்டுவார், சிரிப்பார். காய்கறிக்கடையில் விரலால் சுட்டிக் காட்டியே வாங்குவார். வாய் திறந்து பேசுவது வீட்டில் மனைவியோடு மட்டும்தான், அதுவும் சிக்கனமாக.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். கட்டடத்தில் அவளுக்குப் பெயர் கண்ணாடி அக்கா. காதை அழுத்துகிற கண்ணாடியின் கம்பியைச் சூடு காட்டி வளைத்து, போட்டவருக்குப் போட்டதே தெரியாதபடி உட்கார வைப்பதில் கைகாரி. வீட்டில் புருஷன் கத்தும்போது அடுப்படியிலிருந்து தலையைத் திருப்பாமலே தீர்ப்பு சொல்வாள்.

"கடைசில இழுக்காதீங்க. செத்தவன் எதுக்கு இவ்வளவு நேரம் கத்தறான்?"

அல்லது, "இது பேய்க்கா, உலகம் அழிஞ்சதுக்கா?"

"உலகம் அழிஞ்சதுக்கு."

"அப்ப கொஞ்சம் பசியோட கத்துங்க."

பேய்க்கா, உலகம் அழிந்ததற்கா என்ற கேள்விக்குக் காரணம் உண்டு. அந்தச் சமயம் கூடத்தில் இரண்டு தொடர்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. காலையில் பேய்த் தொடர். ஒரு குடும்பம் விலை மலிவாகக் கிடைத்ததென்று பெரிய பழைய வீட்டை வாங்கி, ஏன் மலிவு என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரிந்துகொள்ளும். மத்தியானம் அழிவுத் தொடர். ஒரு காய்ச்சலில் உலகம் காலியாகிவிட, மிஞ்சிய சிலர் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டே இருப்பார்கள். எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது. இரண்டில் ஒன்றைத்தான் மேற்கொண்டு வாங்குவோம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எது நிற்கும், எது போகும் என்று முதலாளிக்கு ஒரே குழப்பம். தேநீர் வேளையில் எல்லாரிடமும் அபிப்பிராயம் கேட்டார்.

வசனம் எழுதி, குரல் பதிவையும் நடத்துகிற பெண்மணியை எல்லாரும் வசனம்மா என்பார்கள். அவருடைய ஓட்டு பேய்க்கு. "பேய்க்கு ஒரு ஞாயம் இருக்குங்க. அதுக்கு ஏதோ மனக்குறை. தீர்த்து வெச்சா போயிடும். இந்த அழிவுல யார்கிட்ட போய் ஞாயம் கேக்கறது?"

ஒலிப்பதிவுத் தம்பிக்கு அழிவுதான் உசத்தி. "பேய்த் தொடர்ல வீடு அருமையா இருக்கு, இருக்கறவங்கதான் கூமுட்டைங்க. உள்ள போகாதேன்னா போவாங்க. இதுல ஆளுங்க விவரமா இருக்காங்க, வீடுதான் இல்ல. அப்புறம் பேய் வீட்டுல கரண்ட் போய்ட்டுப் போய்ட்டு வருது. எனக்கு அது பிடிக்கல. போனா போகணும்."

"நீங்க என்ன அண்ணே சொல்றீங்க?" என்றார் முதலாளி.

அலறல் அண்ணன் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு மைக் முன்னால் நின்றால் வயிறு உறுமுவது பதிவாகிவிடும் என்று அவர் எப்போதும் ஒரு பழம் போட்டுக்கொள்வார். விழுங்கிவிட்டு, "எனக்குக் கதை தெரியாது. நான் கத்தற துண்டுக் காட்சிய மட்டும்தான் பாக்கறேன்" என்றார்.

"துண்ட வெச்சே சொல்லுங்க."

அவர் பழத்தோலை மடித்துக் கீழே வைத்தார். "பேய்ல கத்தறது, யாராவது வரணும்னு. கத்தினா புருஷன் ஓடி வருவான், பக்கத்து வீட்டுக்காரன் வருவான். வந்து ஒண்ணும் கிழிக்க மாட்டான், ஆனா வருவான். அழிவுல கத்தினா வரக்கூடாதவன் வந்துடுவான். அதனால கத்தாம இருக்கணும். எனக்குப் பேய் சுலபம்."

முதலாளிக்கு இதில் வியாபாரத்துக்கு உபயோகமாக ஒன்றும் அகப்படவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

கத்தாமல் இருப்பது கஷ்டம் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. அந்த வாரம் அழிவுத் தொடரில் அவருக்கு ஒரு துண்டு வந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவனுக்கு விலாவில் காயம். தெரிந்தால் மற்றவர்கள் தனக்காக நின்றுவிடுவார்கள், நின்றால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எல்லாரும் கிளம்பும்போது அவனும் மூட்டையைத் தூக்குகிறான். வலி உயிர் போகிறது. பக்கத்திலேயே மனைவி நிற்கிறாள். அவளுக்குத் தெரியக்கூடாது. சத்தம் வெறும் மூச்சுதான்.

அலறல் அண்ணன் எத்தனையோ விதமாக மூச்சு விட்டுப் பார்த்தார். வசனம்மா ஒவ்வொன்றுக்கும் பதிவறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து உதட்டைப் பிதுக்கினார். "வலி தெரியுது அண்ணே. மறைக்கறது தெரியல. உங்களுக்கு மறைக்க வரலையே."

"இருபது வருஷமா வெளிய விட்டே பழக்கம்" என்றார் அவர். நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவர் முன்னறையில் வெந்நீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மனைவி பால்கனியில் ஈரப் படுக்கைவிரிப்பைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தி விரிப்பை வீசினாள். அப்போது ஒரு மூச்சு கேட்டது. உள்ளே இழுத்தது பாதியில் நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் இருந்தது. பிறகு மூக்கு வழியாக இரண்டு துண்டாக வெளியே வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, ஒன்றும் நடக்காததுபோல, ஏதோ பாட்டின் முணுமுணுப்பு.

அவருக்கு வாயில் இருந்த வெந்நீரைத் துப்பக்கூடத் தோன்றவில்லை. அடடா, இதுதான் என்று பூரித்துப்போனார். மூச்சு எங்கே நின்றது, எங்கே உடைந்தது, முணுமுணுப்பு எந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது எல்லாவற்றையும் மனசில் பத்திரமாக முடிந்துகொண்டு, மறந்துவிடக்கூடாதே என்று பஸ்ஸில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் கூடத்துக்குப் போனார். உள்ளங்கையில் எண்ணெய் ஏந்திப் போகிறவர்போல இருந்தது அவர் நடை.

திரையில் அந்த ஆள் மூட்டையைத் தூக்கினான். அலறல் அண்ணன் மைக்கை நெருங்கி நின்று அந்த மூச்சை அப்படியே இறக்கினார். கடைசியில் அந்த முணுமுணுப்பையும் சேர்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வசனம்மா எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணே! அந்தப் பாட்டு எங்கேர்ந்து பிடிச்சீங்க? அவன் பொண்டாட்டி திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு முணுமுணுக்கறானே!"

"வீட்டுலதான்" என்றார் அவர் பெருமையாக.

தம்பி அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினான். அறை முழுக்க அந்த மூச்சு வந்து நிறைந்தது. இழுத்தது, நின்றது, உடைந்தது, பாடியது. கேட்டுக்கொண்டிருந்த அலறல் அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுல" என்று மறுபடி சொன்னார். இந்தத் தடவை அவர் வசனம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரு மனுஷி தன்னிடமிருந்து மறைத்த வலியைத் தான் வாங்கி வந்து விற்றிருக்கிறோம் என்பது புரிய அவருக்கு ஒரு ஸ்பீக்கர் தேவைப்பட்டிருக்கிறது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த மூச்ச எடுத்துடுங்கம்மா."

"ஏன், அருமையா வந்திருக்கே?"

"அது என்னுது இல்ல."

அங்கிருந்து நேராகக் கண்ணாடிக்கடைக்குப் போனார். மனைவி ஒரு வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும், "என்ன, கடையில வந்து கத்தப் போறீங்களா?" என்றாள்.

வாடிக்கையாளர் போகும்வரை நின்றார். பிறகு கேட்டார். "காலைல பெட்ஷீட் போட்டப்ப உனக்கு எங்க வலிச்சது?"

மனைவி கண்ணாடி துடைக்கிற துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "வலியா? வாயுவா இருக்கும்."

"வாயுவுக்கு யாரும் பாட்டுப் பாட மாட்டாங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கொஞ்ச நாளாகவே கையைத் தூக்கினாலும் மாடி ஏறினாலும் நெஞ்சில் யாரோ உட்காருகிற மாதிரி இருக்கிறது, நின்றால் எழுந்து போய்விடுகிறது, அவ்வளவுதான் என்றாள். டாக்டரிடம் போகலாம், இப்போதே கிளம்பு என்றார். கடை முதலாளி ஊரில் இல்லை, ஆள் இல்லாமல் கடையை எப்படிப் போட்டுவிட்டு வருவது என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"பேய்க்கே குரல் குடுக்கறவரு, என் மூச்சுக்குப் போய் பயப்படறீங்களே" என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "சனிக்கிழமை முதலாளி வந்துடுவார். அன்னைக்கே போலாம். சத்தியமா."

அவர் ஒத்துக்கொண்டார். அழிவுத் தொடரில் வருகிற விவரமான ஆட்கள் ஒருவரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பேய்த் தொடரில் வருகிறவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். தான் எந்தத் தொடரைச் சேர்ந்தவன் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த வாரம் அவர் வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை. சத்தம் போட்டால் அவள் மூச்சு காதில் விழாது. அவள் எந்த அறைக்குப் போனாலும் ஏதோ தேடுகிறவர்போல் பின்னாலேயே போய் நின்றார். தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். அவள் கொட்டாவி விட்டால் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டடம் அமைதியாக இருந்தது. கீழே வேன் டிரைவர் வீட்டில் அடுப்பை எப்போது அணைப்பது என்று தெரியாமல் தினம் சோறு குழைந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை வரவில்லை. அதற்கு முன்பே ஒரு சாயங்காலம், கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிய மனைவி, அடுத்த செருப்பைக் கழற்றாமல் சுவரைப் பிடித்தாள். பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையைத் தாடையில் வைத்து அழுத்திக்கொண்டாள். இந்தத் தடவை பாட்டு வரவில்லை.

அவர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். தெரு முழுக்கக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறது, வண்டி சந்துக்குள் வராது, ஆளை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். மேல்மாடி, லிஃப்ட் கிடையாது. தூக்கிப் பார்த்தார். தனி ஆளால் முடிகிற காரியமாக இல்லை.

அவர் கதவைத் திறந்துகொண்டு மாடிப்படியில் நின்று கத்தினார்.

அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு அலறல் அலறியதில்லை. மைக்கிலிருந்து எட்டி நிற்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், கடைசியில் இழுக்கக் கூடாது என்று அவர் கற்றிருந்த எதுவும் அதில் இல்லை. கட்டடத்தின் அடிவாரம்வரை போய் மோதிவிட்டு வந்தது. கீழே ஒரு வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் யாரோ, "அண்ணன் ஆரம்பிச்சுட்டாருப்பா" என்றார்கள். வேன் டிரைவரின் மனைவி நிம்மதியாக அடுப்பை அணைத்தார்.

மறுபடி கத்தினார். எங்கோ தொலைக்காட்சியின் சத்தம் கூடியது.

"கத்தாதீங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. இரண்டு மூச்சில் சொன்னாள். "அவங்களுக்குப்... பழகிடுச்சு."

அவர் படியிறங்கினார். கால் தன்னால் இறங்கியது. வேன் டிரைவர் வீட்டுக் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. டிரைவர் தரையில் உட்கார்ந்து மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அழிவுத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய அத்தியாயம். திரையில் நாலு பேர் ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் ஒளிந்திருந்தார்கள். டிரைவர் கையில் ரிமோட் இருந்தது.

அலறல் அண்ணன் வாசலில் நின்றார். கத்திக் கத்தி ஆனது ஒன்றுமில்லை. அதனால் பேசினார்.

"தம்பி, கொஞ்சம் மேல வர்றீங்களா?"

மெதுவான, சாதாரணமான குரல். கொஞ்சம் கட்டைக் குரல். டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்து அவர் கேட்டதில்லை. ரிமோட் தட்டில் விழுந்தது. அவர் கைகூடக் கழுவாமல் எழுந்து ஓடினார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரைவருக்கு அழிவுத் தொடர் என்றால் உயிர். உலகம் அழிந்தால் டீசல் கிடைக்காது என்று வேனில் எப்போதும் டாங்கை நிரப்பியே வைத்திருப்பார். இருக்கைக்கு அடியில் கயிறு, டார்ச், போர்வை. அவர் மனைவி இதற்காக அவரை நாலு பேர் முன்னால் கிண்டல் பண்ணாத நாளில்லை. மேலே போனதும் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடி அக்காவைப் போர்வையால் சுற்றி அதில் உட்காரவைத்து, "அண்ணே, நீங்க பின்னால பிடிங்க, நான் முன்னால இறங்கறேன்" என்றார். நாற்காலியோடு படியிறக்குவதை அவர் அந்தத் தொடரில்தான் பார்த்திருந்தார். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்திருக்கவில்லை. அங்கே நின்றிருந்தது வேன்தான். தோண்டிய தெருவுக்குள் வராமல் அதை அவர் அங்கேயே நிறுத்தியிருந்தார். காத்திருக்க வேண்டாம் என்று ஏற்றினார்கள்.

குழந்தைகள் உட்காருகிற குட்டி இருக்கைகள். குறுக்காகப் படுக்கவைத்து, தலையை அலறல் அண்ணன் மடியில் வைத்துக்கொண்டார். வேன் குலுங்கும்போதெல்லாம் அந்த மூச்சு இழுத்தது, நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கத்து" என்றார் அவர். "வலிச்சா கத்திடு. அடக்காத."

"வேன்ல போய்... எப்படிங்க..."

"அக்கா, இந்த வேன்ல கத்தாதவங்க யாரு இருக்காங்க?" என்றார் டிரைவர் திரும்பாமலே. "தினம் காது கிழியுது. நீங்க பாட்டுக்குக் கத்துங்க."

அவள் கத்தவில்லை. ஆனால் "வலிக்குதுங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் வரவில்லை. அவர் தொழிலில் அது எங்கும் செல்லுபடியாகாது.

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் ஒன்று அடைத்திருப்பதாகச் சொல்லி உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கம்பி விட்டுத் திறந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, நல்லவேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொண்டார் என்றார். அலறல் அண்ணன் தலையாட்டினார். பிறகு, தலையாட்டினால் போதாது என்று தோன்றி, "ரொம்ப நன்றிங்க" என்று வாய் திறந்து சொன்னார்.

வெளியே பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். கை இன்னும் கழுவவில்லை, சோறு காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. கையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"நீங்க கத்தினப்ப, நான் டி.வி. சத்தத்தக் கூட்டினேன்."

"தெரியும்."

"ரெண்டாவது தடவ கத்தினப்ப இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் நீங்க வாசல்ல நின்னு மெதுவாக் கூப்பிட்டீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உயிரே போயிடுச்சு."

அலறல் அண்ணன் எழுந்தார். வாங்க, கை கழுவிட்டு வரலாம் என்று அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போனார்.

தொலைக்காட்சிக்காரர்கள் கடைசியில் இரண்டு தொடர்களையும் கைகழுவிவிட்டு ஒரு சமையல் போட்டியை வாங்கினார்கள். அதில் யாரும் சாவதில்லை. தோற்றவர்கள் விசும்புவார்கள், அவ்வளவுதான். அலறல் அண்ணனுக்கு விசும்பல் வேலை கிடைத்தது. காயத்தை மறைத்த ஆளின் மூச்சு மட்டும் கடைசிவரை சரியாக அமையவில்லை. வசனம்மா அந்த இடத்தில் ஒரு புயல்காற்றுச் சத்தத்தை ஓடவிட்டுச் சமாளித்துவிட்டார்.

காவலாளி இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நாலு விஷயங்கள் சொல்கிறார். நாலாவது: மேல்வீட்டுக்காரர் கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள், மெதுவாகப் பேசினால் மேலே ஓடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி நடமாடத் தொடங்கினாள். புருஷன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். இனிமேல் வலியை மென்று விழுங்கக்கூடாது, முணுமுணுக்கக் கூடாது, எங்கே வலித்தாலும் வாய்விட்டுக் கத்த வேண்டும். எனக்குக் கத்தத் தெரியாதே என்றாள். தெரியாவிட்டால் கற்றுக்கொள் என்றார். தோளைத் தளர்த்து, வாயைத் திற, மூச்சை வயிற்றிலிருந்து எடு என்று ஆரம்பித்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொம்பள வயசான காலத்துல கத்தப் பழகறாளேன்னு ஊரு சிரிக்கும்."

"ஊருக்கு நம்ம வீட்டுச் சத்தம் பழகிடுச்சு. யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. சும்மா கத்து."

சாயங்காலம். வேன் வந்து நின்றுவிட்டது, இன்னும் விளக்கு வைக்கவில்லை. மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, வெட்கத்தை விட்டுவிட்டு ஒரு கத்து கத்தினாள்.

சுமாரான கத்தல்தான். ஆரம்பத்தில் பிசிறு, கடைசியில் இழுவை. அவர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கீழே ஒரு கதவு படாரென்று திறந்தது. இன்னொன்று திறந்தது. மாடிப்படியில் தடதடவென்று கால்கள். அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது அவருடைய அலறல். அக்காவின் குரலில் அந்தக் கட்டடம் இதற்கு முன் ஒரு சத்தம் கேட்டதில்லை. முதலில் வந்த டிரைவர் தோளால் முட்டினார். ஏற்கனவே வளைந்திருந்த தாழ்ப்பாள் இந்தத் தடவை கையோடு வந்துவிட்டது. பின்னால் அவர் மனைவி கரண்டியோடு, அதற்குப் பின்னால் ஜன்னல் சாத்துகிற வீட்டுக்காரர், "அண்ணன் ஆரம்பிச்சுட்டாரு" என்கிறவர், கடைசியில் மூச்சிரைக்கக் காவலாளி. நாற்காலியை யாரோ தூக்கித் தயாராகப் பிடித்துக்கொண்டார்கள்.

நடு அறையில் கண்ணாடி அக்கா கல்போல் நின்றிருந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது. "ஒண்ணுமில்லைங்க... சும்மா... பழகிப் பாத்தேன்" என்றாள்.

யாரும் திட்டவில்லை. டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும், உலை பொங்கிவிடுமே என்று கரண்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார், ஆனால் போகவில்லை. அலறல் அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "வந்தீங்களே" என்றார். "எல்லாரும் வந்தீங்களே." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போடப் போனார். இருந்தவை போதவில்லை. பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

மனைவி தேநீர் போட அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அவள் கத்தினாள்:

"ஏங்க, பால் பத்தாது!"